மூஞ்சியைப் பார்த்தால்தான் காது கேட்கும்

பேச வாயெடுத்ததும் மாஸ்க்கை இறக்கிவிடுவார்கள். கொரோனா காலத்தில் மருந்துக்கடை கவுண்டரில் என்னைப்போல் மருந்து கொடுத்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வரிசையில் மூக்குவரை ஒழுங்காக மூடிக்கொண்டு நிற்பவர், தன் முறை வந்ததும் அதைத் தாடைக்கு இழுத்துவிட்டு மருந்தின் பெயரைச் சொல்வார். பேசும்போதுதான் எச்சில் துளிகள் அதிகம் வெளியே வரும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கை தானாக அங்கே போய்விடும். தெருக்காரர்களுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது: தெரியாதவர் என்றால் மாஸ்க், தெரிந்தவர் என்றால் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் மூடிக்கொண்டு நின்றால், “எங்களைப் பாத்து பயப்படுறீங்களா?” என்று வருத்தப்பட்டார்கள். இதையெல்லாம் அலட்சியம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வந்து போனபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அவர். புதுச் சீட்டில் மருத்துவர் அளவைக் குறைத்திருந்தார். ஒன்றுக்குப் பதில் அரை. இந்த மாத்திரையில் அளவு கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் இரத்தக்கட்டு. அதனால் வாயால் சொல்லிப் புரியவைக்காமல் கொடுப்பதில்லை. நான் சொன்னேன். அவர் ஒரு விரலைக் காட்டினார். இல்லை, அரை என்றேன். மறுபடியும் ஒரு விரல். அப்புறம் சொன்னார்: “மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்குக் காது கேக்கும்.”

நான் இறக்கவில்லை. மருந்து உறையின்மேல் பெரிதாக ‘அரை’ என்று எழுதிக் காட்டினேன். படித்துத் தலையாட்டினார். ஆனால் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. “நேத்து ராத்திரி முழுசா போட்டுட்டேனே, பரவாயில்லையா?” பழைய அளவுதானே, நேற்று போட்டதில் தவறில்லை. பின்னாலிருந்து யாரோ, “பெரியவரே, மாஸ்க்கை ஏத்துங்க,” என்று சத்தம் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அதே தெரு, அவருக்குக் காது மந்தம் என்பது தெரிந்தவர்கள். நான் பெரியவரின் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதுபோல் கையை ஆட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னைத் தொந்தரவு செய்வது அந்தக் கையாட்டல்தான். ‘ஒன்றுமில்லை’ என்று நான் காட்டியது அவருக்கு ‘போங்கள்’ என்று தெரிந்திருக்குமோ? கண்ணாடி முன்னால் அதே மாதிரி ஆட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இறக்காததற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் பாதிப்பேர் சர்க்கரை, இதயம், நுரையீரல் என்று ஏதாவது ஒன்றோடு வருபவர்கள். எனக்குத் தொற்றியிருந்து அறிகுறி தெரியாமல் இருந்தால், ஒரே நாளில் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்? ஒருவருக்காக இறக்கினால் அடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? இது சாக்கு இல்லை. இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் மதியம் பின்னறையில் நாங்கள் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜன்னல் இல்லாத அறை. அங்கே யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று கவுண்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை தொங்கியது. நோய் பரவுவதற்குப் பெரிய துளிகள்தான் முக்கியக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த அறிவின்படி, திரைக்குப் பின்னால் நான் மாஸ்க்கை இறக்கியிருக்கலாம். காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவும் என்று அந்த நிறுவனம் 2021 ஏப்ரல் கடைசியில்தான் தெளிவாக எழுதியது. திரையைச் சுற்றிக்கொண்டு வரும் காற்றை அந்தப் பிளாஸ்டிக் என்ன செய்யும்? இன்றைய அறிவின்படி நான் இறக்காததே சரி. ஆனால் அதே அறிவு, வெளியே திறந்த வெளியில் தள்ளி நின்று முகம் காட்டிப் பேசுவதில் ஆபத்து மிகக் குறைவு என்றும் சொல்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் கடையில் மருந்தாளுநர் நான் ஒருவன்தான், வரிசையோ வாசல்வரை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படித்தேன். வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்கும் திறன். மாஸ்க் மழுங்கடிப்பதும் அதே ஒலிகளைத்தான். அதுவரை உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொண்டிருந்தோம் என்பதே பலருக்குத் தெரியாது. எல்லோரும் மூடிக்கொண்டபோதுதான் காது மந்தம் என்று தெரிந்தது. வாய்ப்பகுதி தெளிவாகத் தெரிகிற மாஸ்க்குகள் உண்டு, ஆனால் எங்கள் கடைக்கு அவை வந்ததே இல்லை. கவுண்டரில் மாஸ்க்கை இறக்கியவர்களில் எத்தனை பேர், நாமும் இறக்குவோம் என்று எதிர்பார்த்து இறக்கினார்களோ.

பெரியவர் நன்றாகத்தான் இருக்கிறார். மருந்து வாங்க மருமகள் வருகிறார். அவர் ஏன் வருவதில்லை என்று நான் கேட்டதில்லை. நடக்க முடியாமல் இருக்கலாம்.

2023 மே மாதம் உலக அவசரநிலை முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் எனக்குச் சளி பிடித்தாலோ, இருமலோடு ஆட்கள் அதிகம் வந்தாலோ மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் காது கேட்காத ஒருவர் வந்து இறக்கச் சொன்னால் இறக்குவேனா என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டார். வந்திருப்பது யார், பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அன்றும் அதைத்தானே செய்தீர்கள் என்றார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் என்ன வித்தியாசம் என்று அவருக்குச் சொல்லவும் முடியவில்லை.