அவ்வளவு பெரிய ஒரு வீடு

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பாக ஒன்றைக் குறித்தால் அரை மதிப்பெண் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாதிரித் தேர்வுத் தாள்களைத் தரையில் பரப்பி, சிவப்பு மையில் சுழித்த இடங்களை எண்ணினேன். ஸ்பெல்லிங், எதிர்ச்சொல் எல்லாம் ஓரளவு தேறியிருந்தன. அடி விழுந்தது பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில். அதிலும் பாதிக்கு மேல் ஒரே கோளாறு: 'ஒரு' என்று பொருள் தரும் ஆங்கில 'எ' எங்கே உட்கார வேண்டும் என்பது.

'எ'யா, 'ஆன்'னா, 'தி'யா என்று என் கையிலிருந்த புத்தகம் பக்கம் பக்கமாகச் சொன்னது. எந்த இடத்தில் என்பதற்கு நாலு வரிதான்.

அப்போது தில்லி ஆர்.கே.புரத்தில் சித்தப்பாவின் அரசுக் குடியிருப்பில் தங்கியிருந்தேன். காலையில் மெட்ரோவின் மெஜந்தா லைனில் ஏறி, ஹௌஸ் காஸில் எல்லோ லைனுக்கு மாறி, ஜிடிபி நகரில் இறங்கினால் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த முகர்ஜி நகர். கோச்சிங்கில் ஆங்கிலத்தையும் இந்தியில்தான் நடத்துவார்கள். சார் "இத்னா படா கர்" (இவ்வளவு பெரிய வீடு) என்பார். முன் வரிசை தலையாட்டும். நான் அந்த இந்தியைத் தமிழாக்கி, தமிழை ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

ஒரு நாள் திரும்பும் வழியில், மெட்ரோவில் நின்றுகொண்டே, இந்தியை விட்டுவிட்டு நேராகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

என்ன ஒரு பெரிய வீடு: 'வாட் எ பிக் ஹவுஸ்'.
அப்படி ஒரு பெரிய வீடு: 'சச் எ பிக் ஹவுஸ்'.
எவ்வளவு பெரிய ஒரு வீடு: 'ஹவ் பிக் எ ஹவுஸ்'.
அவ்வளவு பெரிய ஒரு வீடு: 'சோ பிக் எ ஹவுஸ்'.

சொல்லுக்குச் சொல் அதே வரிசை! பேச்சில் 'ஒரு'வை விட்டுவிடுவோம், அதனால் கண்ணில் படுவதில்லை. என்ன, அப்படி, இப்படி என்று தன்மையைச் சொல்பவை 'ஒரு'வோடு ஒட்டும். அவ்வளவு, எவ்வளவு என்று அளவைச் சொல்பவை 'பெரிய' என்ற அடைமொழியோடு ஒட்டும். 'அவ்வளவு பெரிய' என்பது ஒரே பொட்டலம். அதைப் பிரித்து நடுவில் 'ஒரு'வைத் திணித்து 'அவ்வளவு ஒரு பெரிய வீடு' என்றால் காது கூசுகிறதல்லவா? அந்தக் கூச்சம்தான் 'சோ எ பிக் ஹவுஸ்' தப்பு என்பதற்குச் சாட்சி. 'சோ', 'ஆஸ்', 'டூ', 'ஹவ்' நான்கும் பொட்டலக்காரர்கள். அடைமொழியைக் கையோடு இழுத்துக்கொண்டு 'எ'வுக்கு முன்னால் போய்விடுவார்கள்.

அடைமொழி இடம் மாறியதும் இன்னொன்று நடக்கிறது. 'எ'யா 'ஆன்'னா என்பதை முடிவு செய்வது அதற்கு அடுத்து வரும் சொல்லின் ஒலிதான். (நம் தேர்வு 'ஆன் எஸ்எஸ்சி எக்ஸாம்', பக்கத்து அறைக்காரருடையது 'எ யூபிஎஸ்சி எக்ஸாம்'.) 'எ பிக் ஆபீஸ்' என்பதில் 'எ'. 'பிக்' முன்னால் ஓடிவிட்டால் 'சோ பிக் ஆன் ஆபீஸ்'. நான் தோற்ற கேள்வி இதன் மறுபக்கம். 'ஆன் எர்லி டேட்' என்பது மனப்பாடமாக இருந்ததால் 'ஆஸ் ஆன் எர்லி டேட் ஆஸ் பாசிபிள்' என்பதில் பிழை இல்லை என்று குறித்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு அதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஏம்மா, இதை நாங்க தினம் எழுதறோமே. 'அட் ஆஸ் எர்லி எ டேட் ஆஸ் பாசிபிள்.' கடிதத்துக்குக் கடிதம் இதே வரிதான்."

"ஏன் 'ஆன்' வரலை சித்தப்பா?"

"அதெல்லாம் தெரியாது. எனக்கு முன்னால இருந்தவர் அப்படித்தான் எழுதினார்."

சரி, விதி இல்லாமலும் ஆங்கிலம் வரும், இருபது வருஷம் கோப்பு எழுதினால். நமக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஒரு இடத்தில் தமிழ் காலை வாரிவிடும், ஜாக்கிரதை. 'அவ்வளவு பெரிய வீடுகள்' தமிழில் சரி. ஆங்கிலத்தில் 'சோ பிக் ஹவுசஸ்' தப்பு. பொட்டலத்தை ஏற்க அங்கே ஒரு 'எ' இருக்க வேண்டும். பன்மையிலும், 'வெதர்' மாதிரி எண்ண முடியாத சொற்களிலும் 'எ' கிடையாது. அங்கெல்லாம் 'சச்'சுக்கு மாறுங்கள்: 'சச் பிக் ஹவுசஸ்', 'சச் குட் வெதர்'. மெனி, மச், ஃபியூ, லிட்டில் ஆகியவை மட்டும் விலக்கு, 'சோ மெனி ஹவுசஸ்' சரிதான். இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பிழை கண்டுபிடிக்கும் கேள்வி வைக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

'கொய்ட் எ குட் ஆன்சர்', 'ஹாஃப் ஆன் அவர்' இரண்டையும் அப்படியே மனதில் போட்டுக்கொள்ளலாம். 'ராதர்' மட்டும் எந்தப் பக்கமும் நிற்கும்: 'ராதர் எ குட்', 'எ ராதர் குட்' இரண்டும் சரி. ஒரு மாதிரித் தேர்வின் விடைத்தாளில் இரண்டாவதைத் தப்பு என்று போட்டிருந்தார்கள். அதோடு சண்டை போட்டு ஒரு மாலையை வீணாக்கினேன். நல்ல அகராதியைப் புரட்டிவிட்டு மேலே போயிருக்கலாம்.

அடைமொழிகளின் வரிசைக்கு ஒரு பெரிய பட்டியல் தருவார்கள்: அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள் என்று. நான் அதைப் படிக்கவே இல்லை. 'அழகான பெரிய பழைய பித்தளைக் குத்துவிளக்கு' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது எதற்கு? 'பித்தளைப் பழைய பெரிய' என்றால் நமக்கே உதைக்கிறது.

'அண்ட்' என்ற இணைப்புச் சொல்லில் நான் பட்டது வேறு கதை. சித்தி பெண்ணின் பள்ளியிலிருந்து நாட்டியத்துக்கு 'எ ரெட் அண்ட் எ ஒயிட் ரிப்பன்' வேண்டும் என்று சீட்டு வந்தது. சித்தி என்னை அனுப்பினார். நான் செக்டர் மார்க்கெட்டில் அரை மணி நேரம் தேடி, சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட ரிப்பன் ஒன்றைப் பெருமையாக வாங்கி வந்தேன். மறுநாள் பிள்ளை அழுதுகொண்டு திரும்பியது. கேட்டது இரண்டு ரிப்பன்: ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. "அக்கா, உனக்கு இங்கிலீஷே தெரியல" என்றாள் மூன்றாம் வகுப்புக்காரி.

'எ ரெட் அண்ட் ஒயிட் ரிப்பன்' என்று ஒரே 'எ' வந்திருந்தால் நான் வாங்கியது சரி. தமிழில் இதை 'ஆன' காட்டும்: சிவப்பும் வெள்ளையுமான ரிப்பன். ஒரு பொருள், ஒரு 'எ'. சிவப்பு ரிப்பனும் வெள்ளை ரிப்பனும் என்றால் இரண்டு பொருள், இரண்டு 'எ'. ஆட்களுக்கும் இதே கணக்கு. 'தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்' என்றால் செயலாளரும் பொருளாளருமான ஒரே ஆள், வினை 'ஹாஸ்'. 'தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர்' என்றால் இருவர், 'ஹாவ்'. வினையைப் பார்க்கும் முன் 'தி'யை எண்ணுங்கள்.

'நாட் ஒன்லி'க்கும் இதே காது போதும். 'அவன் கிரிக்கெட் மட்டுமல்ல, கால்பந்தும் ஆடுவான்.' தமிழில் 'மட்டும்' கிரிக்கெட்டுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் போடுங்கள்: 'ஹி ப்ளேஸ் நாட் ஒன்லி கிரிக்கெட் பட் ஆல்சோ ஃபுட்பால்'. 'ஹி நாட் ஒன்லி ப்ளேஸ்' என்று தொடங்கினால் 'பட் ஆல்சோ'வுக்குப் பின்னும் ஒரு வினை வந்தாக வேண்டும்.

தமிழ் கைகொடுக்காத ஒன்று, 'சைல்ட் ஆஸ் ஹி வாஸ்'. சின்னப் பிள்ளைதான் என்றாலும் என்று பொருள். 'எ சைல்ட் ஆஸ் ஹி வாஸ்' என்று எழுதத்தான் கை போகும். கூடாது, முன்னுக்கு வந்த பெயர்ச்சொல் 'எ'வை உதறிவிடும். இதை உருப்போடத்தான் வேண்டும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? நான் ஒரு வாரம், தினம் இருபது வாக்கியம், வாய்விட்டுத் தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் கட்டத்தில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண்தான். இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலம் 45 கேள்வி, ஒன்றுக்கு 3, தப்புக்கு 1 கழியும். அங்கேதான் இந்த உழைப்புக்குக் கூலி.

அந்த வாரக் கடைசியில் சித்தப்பா அலுவலகத்திலிருந்து போன் செய்தார். "ஏம்மா, 'திஸ் இஸ் டூ அர்ஜென்ட் எ மேட்டர் டு பி கெப்ட் பெண்டிங்'னு எழுதியிருக்கேன். கீழே இருக்கற பையன் 'எ டூ அர்ஜென்ட் மேட்டர்'னு மாத்தி அனுப்பியிருக்கான். எது?"

"உங்களதுதான் சித்தப்பா. பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது."

"என்ன பொட்டலம்?" என்றார்.