புல்தரையில் ஒரு வளை

பெங்களூரு அப்பார்ட்மென்ட் புல்தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தால் போதும், பினாயில் பாட்டில் வந்துவிடுகிறது. உள்ளே பாம்புக்குட்டி இருக்குமாம். ஊற்றச் சொல்பவர்களில் ஊரிலிருந்து இங்கே குடியேறிய நம் தமிழர்களும் உண்டு என்பதுதான் வலிக்கிறது. திண்ணையோர மண்ணில் குழியானை தோண்டி உள்ளங்கையில் ஊரவிட்ட கைகள் அல்லவா அவை!

அந்த வளையில் பல நேரம் இருப்பது ஓநாய்ச் சிலந்தி. லைக்கோசா என்பது பேரினத்தின் பெயர். கிரேக்கத்தில் லைகோஸ் என்றால் ஓநாய். இரைக்காக இது வலை கட்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்து, எட்டும் தூரத்தில் வரும் சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, கரப்பான் குஞ்சு மேல் பாய்ந்து பிடிக்கும். கன்னடத்தில் சிலந்தி ஜேட, களிமண் ஜேடிமண்ணு. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டும் குழம்பும். மண்ணுக்குள் குடியிருக்கும் இந்தச் சிலந்தியைப் பொறுத்தவரை அந்தக் குழப்பம் பொருத்தமானதே.

வளையை அடையாளம் காண்பது எளிது. வாய் நல்ல வட்டம். உட்சுவரில் பட்டுநூல் பூசியிருக்கும். மழையில் மண் சரியாமல் தாங்குவது அந்தப் பூச்சுதான். சிலவற்றில் விளிம்பைச் சுற்றிக் காய்ந்த புல்லும் இலைத்துணுக்கும் கோத்த சின்னக் கைப்பிடிச்சுவர் இருக்கும். எறும்புப் புற்றைப் போல உதிரி மண் குவிந்து கிடக்காது. தோண்டிய மண்ணை நூலில் உருட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

பார்க்க வேண்டுமானால் இரவில் போங்கள். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணை ஒட்டி, நெற்றியோரம் பிடித்து, பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புல்லில் அடியுங்கள். பச்சையாக ஒரு பொட்டு மின்னும். அசைந்தால் மறையும் பனித்துளி அல்ல அது. கண்ணின் உட்படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. கண்கள் எட்டு: கீழே சின்னதாக நாலு, நடுவில் பெரியதாக இரண்டு, மேலே இரண்டு. அடி எடுத்து வைக்கும் அதிர்வு பட்டாலே உள்ளே போய்விடும். அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் மறுபடி வாசலுக்கு வரும்.

இந்த ஊர்க் குளிரும் சாம்பாரின் இனிப்பும் பழகிவிட்டன என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் புல்தரைக்கு மருந்து அடிக்கும் வாடை வந்ததும் மனம் வயல் வரப்புக்கு ஓடிவிடுகிறது. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைத் தின்பது இதே குடும்பத்துப் பார்டோசா சிலந்தி. கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் சிலந்தி செத்து, புகையான் இன்னும் பெருகும். இதை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் நகரத்தில் வளைக்குள் பினாயில் ஊற்றலாமா?

எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்ற பயத்தையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறோம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டு தோலில் நசுங்கினாலும் அப்படிக் கொப்புளிக்கும், பழி சிலந்திக்கு. ஓநாய்ச் சிலந்தி கையில் அகப்பட்டால்தான் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், கொஞ்சம் வீங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் ஒத்தடம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

புல் வெட்டும் ஆட்கள் வருவதற்கு முன்பு வளையைச் சுற்றி நாலு செங்கல் வையுங்கள். முக்கியமாக, வெயில் நேரத்தில் வாசலைப் பாருங்கள். முட்டைப்பையை, பின்பக்கத்தில் நூல் வரும் நூற்புறுப்பில் ஒட்டிக்கொண்டு சுமக்கும் தாய், பின்பக்கத்தை வெளியே நீட்டி, பின்னங்கால்களால் பையை மெல்லத் திருப்பித் திருப்பிக் காய வைத்துக்கொண்டிருக்கும். பொரித்த குஞ்சுகள் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக, தாயின் உடலே தெரியாதபடி.