சுளுக்குதானே

ஐப்பசி மழைக்கு எங்கள் கிளை நூலகத்தின் கூரை ஒழுகுவது புதிய செய்தியன்று. ஒழுகும் இடங்களுக்கெல்லாம் வாளி வைத்த நான், வாளியிலிருந்து தெறித்த நீர் மொசைக் தரையில் பரவியிருந்ததைக் கவனிக்காமல், ஒரு கட்டு வார இதழ்களை மார்போடு அணைத்தபடி நடந்து வழுக்கி விழுந்தேன். விழுகிறவர் எவரும் செய்வதையே நானும் செய்தேன். வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றினேன். பின்னோக்கி மடங்கிய மணிக்கட்டில் உடலின் பாரம் முழுவதும் இறங்கியது. இதழ்களை நனையாத மேசைக்கு மாற்றிவிட்டு, கையை இரண்டு முறை உதறிப் பார்த்து, சுளுக்குதானே என்று இருக்கையில் அமர்ந்து, மாலை வரை தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

வீடு சேர்ந்தபோது வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. விழுந்தவுடன் கழற்றியிருந்தால் தானே வந்திருக்கும். சோப்பு நுரையைத் தடவி, கையைத் தலைக்கு மேல் சிறிது நேரம் தூக்கிப் பிடித்து, மகள் அதை நூலளவு நூலளவாக நகர்த்தி எடுக்க அரை மணி நேரமாயிற்று. அதற்குள் அத்தை விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டு வந்துவிட்டார்கள். "சுளுக்குதானேம்மா, ரெண்டு தடவை வழிச்சு விட்டா இறங்கிடும்" என்றார்கள். மறுக்கத் தோன்றவில்லை. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வந்தது. நல்லவேளையாக எங்கள் தெருவில் அப்படிப் பிறந்தவர் அகப்படவில்லை. எண்ணெய் போட்டு வழித்த கை விடிவதற்குள் இரு மடங்காக வீங்கியிருந்தது.

கிழிந்த தசைநார் இழைகளிலிருந்து உள்ளே இரத்தம் கசியும் முதல் 2, 3 நாட்களில் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் வீக்கத்தைக் கூட்டும் என்பதை மறுநாள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் வைப்பது, கையை நெஞ்சின் மட்டத்திற்கு மேலே தலையணையில் ஏற்றி வைப்பது, விரல்களை மட்டும் அவ்வப்போது அசைப்பது, இவை போதும் என்றார். ஆனால் அவர் முதலில் செய்தது வேறொன்று. கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லி, அதன் அடியில் மணிக்கட்டின் ஓரத்தில் விழும் சிறு குழியைத் தம் விரல் நுனியால் அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மணிக்கட்டிலுள்ள 8 சிற்றெலும்புகளில் படகு வடிவான ஒன்று அந்தக் குழியின் கீழேதான் இருக்கிறது. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே நுழைந்து பின்னோக்கி வருவதால், குறுக்கே முறிந்தால் மறுபாதி இரத்தமின்றிப் போகலாம். முறிவு கூடாமலே நின்றுவிடவும் கூடும். அந்த முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். என் படத்தில் எதுவும் தெரியவில்லை. ஆயினும் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, 10 நாள் கழித்து மறுபடி படமெடுக்க வரச்சொன்னார். இரண்டாம் படமும் தெளிவாக வந்து, தசைநார்க் கிழிவுதான் என்று உறுதியான பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அன்றே விடுப்பை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியது என் இரண்டாவது தவறு. எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டு இருக்கிறது. பார்க்கிறவர்கள் விலகி வழிவிடுவார்கள். எனக்கிருந்ததோ புடவைத் தலைப்பில் மறைந்துவிடும் ஒரு பட்டை. தினமும் நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "என்னம்மா, இன்னுமா சரியாகல? சுளுக்குதானே? புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடு" என்று அக்கறையோடுதான் சொன்னார். இடது கையால் குத்திய முத்திரைகள் தாளில் சரிந்து விழுந்தன. தேதி மாற்ற முத்திரையின் ரப்பர் பட்டையை நகத்தால் உருட்டுவதற்கே மேசை விளிம்பின் துணை வேண்டியிருந்தது. நெருக்கி அடுக்கிய தட்டிலிருந்து தடித்த நூல் ஒன்றை உருவுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆள்காட்டி விரலை நூலின் தலையில் கொக்கிபோல் மாட்டி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி இழுக்க வேண்டும். நான் விழுந்தபோது கை மடங்கிய அதே கோணம் அது. ஒருநாள் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை அப்படி இழுத்தபோது உள்ளே சுரீரென்றது. அதோடு ஒரு வாரம் பின்னுக்குப் போனேன்.

இயன்முறை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் வாரம். வலி குறைந்திருந்தது, கை மரக்கட்டையாக இருந்தது. மேசை விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு மேலும் கீழும் மடக்குவது, பிறகு பக்கவாட்டில் அசைப்பது, பிறகு பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிக் கவிழ்ப்பது என்று கையில் பாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல்தான் தொடங்கினார். உருகிய பாரஃபின் மெழுகில் கையைத் தோய்த்து எடுக்கும் நாட்களில் மட்டும் அந்தச் சூட்டில் விரல்கள் தளர்ந்து என் விரல்களாகின. ஈரத் துண்டைப் பிழிவது கடைசிப் பயிற்சி. முதல் நாள் நான் பிழிந்து உலர்த்திய துண்டிலிருந்து மாலை வரை நீர் சொட்டியது. அத்தை எதுவும் சொல்லாமல் அடியில் ஒரு வாளியை வைத்தார்கள்.

வளையல் மறுபடி ஏற மூன்று மாதமாயிற்று. நூலகத்தில் இப்போது ஒவ்வொரு தட்டின் கோடியிலும் நான்கு விரல் இடம் விட்டே நூல்களை அடுக்குகிறேன். பக்கத்து நூல்களை உள்ளே தள்ளி, வேண்டியதை நடுவில் பிடித்து எடுக்கலாம். இருக்கிற இடமே போதாதபோது இதென்ன பழக்கம் என்று உதவியாளர் முணுமுணுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டு வரிசை வரலாற்று நூல்கள் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கின்றன. ஷட்டரை மட்டும் இன்னும் இடது கையால்தான் இறக்குகிறேன்.