டபராவில் நிற்கும் நுரை

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக்கு வந்த முதல் வாரம் ஒரு பாரில் டீ கேட்டேன். இங்கே பார் என்றால் காபிக்கடைதான். ஒரு கப் வெந்நீர், நூல் கட்டிய டீப் பை, எலுமிச்சைத் துண்டு. பால் கேட்டதும் கட்டைவிரல் உயரக் கிண்ணத்தில் ஆறிய பாலை வைத்தார்கள். காசு கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அழுகை முட்டியது. எங்கள் தெருமுனைக் கடையின் பாய்லர் சத்தம்தான் காதில்.

அது ஆறு வருஷத்துக்கு முன்பு. இப்போது எல்லாம் பழகிவிட்டது. போன ஞாயிறு 'டீ வித் முசோலினி' பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஃபிராங்கோ ஸெஃபிரெல்லி 1999-ல் எடுத்த படம். பாதி அவர் சொந்தக் கதை. 1923-ல் இதே ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். படத்தில் அப்பா ஒதுக்கிவிட்ட லூக்கா என்ற சிறுவனை, அவரிடம் வேலை பார்க்கும் மேரி என்ற ஆங்கிலேயப் பெண்மணி வளர்க்கிறார். கூடவே இங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலேயச் சீமாட்டிகள். அவர்களில் ஒருவராக வரும் நடிகை மேகி ஸ்மித் வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு. சர்வாதிகாரி முசோலினியையே போய்ப் பார்த்து, டீ குடித்து, பாதுகாப்புக்கு வாக்கும் வாங்கி வருகிறார். 1940-ல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் அந்தச் சீமாட்டிகள் எல்லோரையும் சான் ஜிமினியானோ என்ற சிற்றூரில் கொண்டுபோய்க் காவலில் வைக்கிறார்கள். அத்தனை வருஷம் வாழ்ந்த ஊர் ஒரே நாளில் எதிரி என்றுவிட்டது. அந்த இடத்தில் உட்கார முடியாமல் எழுந்துபோய் இஞ்சி தட்டினேன்.

எனக்கும் ஒரு லூக்கா உண்டு. பக்கத்து வீட்டுப் பையன், எட்டு வயது. அவன் அம்மா வேலை முடிந்து வரும்வரை என்னோடுதான் இருப்பான். மேரி ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுத்தார். நான் டீ ஆத்தச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டூலில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, டம்ளரைக் காதுவரை தூக்கி டபராவில் ஊற்றுவான். பாதி மேடையில்தான். நுரை எழும்பினால் "அத்தே!" என்று ஒரு கூச்சல். இந்த ஊர்க்காரர்கள் கோக்ககோலாவையே 'ஹோஹா ஹோலா' என்பவர்கள். அவன் வாயில் அந்த 'அத்தே' மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுத்தமாக வருகிறதோ!

எங்கள் வீட்டில் அப்பாதான் டீ போடுவார். கடைசி ஆத்தில் டபராவில் நிற்கும் நுரை எனக்கு. அதற்காகவே தூங்காமல் காத்திருந்த மத்தியானங்கள் உண்டு.

நேற்று சிந்தியதைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். டம்ளரைத் தனக்கு வைத்துக்கொண்டு, நுரையோடு டபராவை என் பக்கம் நகர்த்தியிருந்தான்.