என் கணவர் வீட்டுப் பெயரைத் தேடிப் போன கதை

என் கணவரின் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் தெருவுக்கு நாலு எஸ்போசிட்டோ இருப்பார்கள். மாமனார் வீட்டுக் கூடத்தில் சிங்கம் போட்ட குலச்சின்னம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஸ்பெயின் பிரபு வம்சம் என்று கதையும் உண்டு. இந்தச் சின்னங்களை அச்சடித்து விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு சிங்கம் கிடைக்கும்.

உண்மையில் இது கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர். நேப்பிள்ஸின் ஃபொர்செல்லா பகுதியில் அனுன்சியாட்டா என்ற தேவாலயமும் அதை ஒட்டிய குழந்தைகள் இல்லமும் உண்டு. அதன் சுவரில் ஒரு சுழல் பெட்டி. வெளியே நின்று குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. நம்ம ஊரில் 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் மாதிரிதான். 1814-இல் அப்போதைய நேப்பிள்ஸ் மன்னர் முரா இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தடை போட்டார். பெட்டி மூடப்பட்டது 1875-இல். ஆக, எங்கள் வீட்டில் இந்தப் பெயரை முதலில் வாங்கியவர் அநேகமாக 1814-க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் அன்தெனாத்தி தளத்தில் பழைய பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். தெற்கு இத்தாலியில் அரசுப் பதிவு 1809-இல் தொடங்குகிறது. நேப்பிள்ஸ் பதிவேடுகள் பேட்டை வாரியாக இருப்பதால், தாத்தா எந்தப் பேட்டை என்று தெரியாமல் உள்ளே போனால் எஸ்போசிட்டோ வெள்ளத்தில் மூழ்க வேண்டியதுதான். ஒரு நல்ல விஷயம், அங்கே பெண்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரோடுதான் பதிவாகிறார்கள். மனைவி பெயரை வைத்தே சரியான ஆளைப் பிடித்துவிடலாம்.

பிறப்புப் பதிவுகளைவிட எனக்குக் கைகொடுத்தது 'பிரொசெசெத்தி'. கல்யாணத்துக்காகக் கொடுத்த காகிதங்களின் கட்டு அது. மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று, அப்பா இல்லையென்றால் தாத்தாவின் இறப்புச் சான்றுகூட இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை! 1840-களில் நடந்த ஒரு கல்யாணக் கட்டில், மாப்பிள்ளையின் தாத்தா இறந்த சான்றில், பெற்றோர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'இன்னோத்தி' என்று இருந்தது. இன்னார் என்று தெரியாதவர்கள்.

அப்புறம் இல்லத்தின் பழைய பதிவேட்டுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வர நாளானது, வந்தது நாலே வரி. பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை, கிழிந்த வெள்ளைத் துணி, கழுத்தில் பாதியாக வெட்டிய பதக்கம், நேரம் 'இரவு மூன்று'. நடுநிசி தாண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அங்கே பொழுது சாய்ந்ததிலிருந்து மணியை எண்ணினார்கள். அதாவது விளக்கு வைத்து மூன்று மணி நேரம் கழித்து. பாதிப் பதக்கம், பின்னாளில் திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்கு. யாரும் வந்ததாகக் குறிப்பில்லை.

மாமனாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "சரி, சிங்கம் அங்கேயே இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கினது" என்றார்.

அடுத்து மாமியார் பக்கம். அவர் மிலான்காரர், பிறந்த வீட்டுப் பெயர் கொலம்போ. இத்தாலிய மொழியில் புறா என்று அர்த்தம். மிலான் பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அந்தக் காலத்தில் அங்கே விடப்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பெயர்தான் வைத்தார்கள். ஆனால் புறா வளர்த்தவர்களுக்கும் இதே பெயர் வந்ததுண்டு. ஆஸ்திரிய ஆட்சியில் அந்தப் பக்கத்துப் பதிவெல்லாம் பங்குக் கோயில்களில் இருந்ததால், இந்த முறை பாதிரியார்களுக்குத்தான் கடிதம் எழுத வேண்டும்.