சந்திரலேகாவைச் சுருக்கிய ஆடி மாதம்

ஜூலை 18, 2025, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் இந்த மாதம் கடையைத் திறந்து வைத்து என்ன பண்ணுவது, பழைய பாக்கியை வசூலிப்பதைத் தவிர? கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் பாதிப் பேர் சாயந்திரமானால் சில்வர் பீச்சில்தான் இருக்கிறார்கள். நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட வேலையைக் கையில் எடுத்திருக்கிறேன். சந்திரலேகா படத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

1948 ஏப்ரலில் வந்த ஜெமினி படம், எஸ்.எஸ்.வாசன் இயக்கியது. தமிழில் 207 நிமிடம். அக்கா பையன் ப்ளஸ் டூ படிக்கிறான், அந்த முரசு நடனத்தை மட்டும் போனில் பார்த்துவிட்டு "மாமா, இதை நிஜமாவே அந்தக் காலத்துல எடுத்தாங்களா" என்று வாயைப் பிளந்தான். சரி, முழுப் படத்தையும் பார்க்கட்டும் என்று போட்டால் சர்க்கஸ் வருவதற்குள் தூங்கிவிட்டான். பெரியப்பாவோ அதே படத்தை டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர், ஒரு சீனை எடுத்தாலும் சண்டைக்கு வருவார். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிற மாதிரி ஒரு வெட்டு வேண்டும். அதுதான் கணக்கு.

ஜூலை 19, சனி

இது புதுசு ஒன்றும் இல்லை. ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999இல் வந்த படத்தை அமெரிக்காவில் ஒரு ரசிகர் வீட்டிலேயே உட்கார்ந்து இருபது நிமிடம் போலக் குறைத்தார், அதற்குப் பேண்டம் எடிட் என்று பெயர் வந்து, கேசட் கேசட்டாகக் கைமாறியது. ஃபேன் எடிட் பண்ணுகிறவர்கள் எல்லாருக்கும் அவர்தான் குலதெய்வம். ஆனால் அவருக்குப் படத்தின் மேல் கோபம் இருந்தது. எனக்கு அது கிடையாது, அதனால்தான் வேலை கஷ்டம். பிடிக்காததை வெட்டுவதற்குக் கை நடுங்காது.

சட்டம் பற்றி மச்சான் கேட்டான். நம் நாட்டில் சினிமாவுக்குப் பதிப்புரிமை வெளிவந்து 60 வருடம், ஆக இந்தப் படத்துக்கு 2008ஓடு முடிந்துவிட்டது. ஆனால் பாட்டு எழுதியவருக்கு அவர் காலமானதற்கு அப்புறமும் 60 வருடம் உண்டு. இதில் பாட்டு எழுதியவர்களில் ஒருவரான பாபநாசம் சிவன் 1973இல்தான் போனார். அந்தச் சிக்கலுக்குள் நான் தலையைக் கொடுக்கவில்லை. ஊருக்குப் போடப் போவதில்லை, எங்கள் மாடி ரூமோடு சரி.

ஜூலை 21, திங்கள்

டிவிடியை உள்ளே இறக்கினேன். ஏதோ குறுகுறுத்தது, எல்லார் குரலும் கொஞ்சம் மெலிசாகக் கேட்டது. பார்த்தால் 25 பிரேம் கணக்கில் போட்ட டிவிடி. பிலிம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம். அந்த ஒரு பிரேம் வித்தியாசத்தில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது, குரலும் அந்த அளவுக்கு ஏறிவிடுகிறது. 207 நிமிடப் படம் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 199 ஆகிவிடும். நான் ஒரு வெட்டும் போடாமலே எட்டு நிமிடம் மிச்சம்! பையன் "அப்படியே விட்டுடுங்க மாமா, லாபம்தானே" என்றான். கதாநாயகி டி.ஆர்.ராஜகுமாரியின் குரலை ஒரு மாற்றுக் குறையாமல் கேட்கவேண்டும் எனக்கு. 24க்கு இறக்கினேன், எட்டு நிமிடமும் திரும்ப வந்தது.

ஜூலை 23, புதன்

இன்றைக்குத்தான் உண்மையான எதிரி யார் என்று தெரிந்தது. சத்தம்.

இப்போது வருகிற படமென்றால் வசனம் நடு ஸ்பீக்கரில் தனியாக இருக்கும், இசை சுற்றிலும் பரவியிருக்கும், ஃபேன் எடிட்காரர்கள் வசனத்தைப் பிடுங்கி வேறு இசையில் ஒட்டிக்கொள்வார்கள். 1948 படத்தில் ஒரே ஒரு தடம்தான். படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்தது, வசனம், வயலின், குதிரைக் குளம்பு எல்லாம் அதற்குள்ளேயே கலந்து கிடக்கிறது. ஒரு சீனின் நடுவில் நாலு வரி வசனத்தை எடுத்தால் பின்னால் ஓடுகிற வயலினும் அதே இடத்தில் அறுகிறது. படத்தில் வெட்டு தெரியாது, காதில் தெரிந்துவிடும்.

இப்போது குரலையும் இசையையும் பிரிக்கிற ஏஐ மென்பொருள்கள் இருக்கின்றன, கல்யாண வீடியோவில் மைக் சத்தத்தை அடக்க நானே தினமும் பயன்படுத்துகிறேன். இதில் போட்டுப் பார்த்தேன். வசனத் தடத்தில் வயலினின் முனகல் ஒட்டிக்கொண்டு வருகிறது, இசைத் தடத்தில் வில்லன் ரஞ்சனின் சிரிப்புப் பேய் மாதிரி மிதக்கிறது. ஓரம் கட்டினேன்.

அதனால் எந்தச் சீன் போகும், எது நிற்கும் என்பதைக் கதை தீர்மானிக்கவில்லை, இசை எங்கே மூச்சு விடுகிறதோ அந்த இடம்தான் தீர்மானிக்கிறது. எடுக்கவே கூடாத ஒரு நல்ல முகபாவத்தை, அதற்கு ஒரு நொடி முன்னாலேயே இசை முடிந்துவிட்டது என்பதற்காக விட்டுக்கொடுத்தேன். வெட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிற ஒரு தர்பார் பேச்சு முழுசாக நிற்கிறது, உள்ளே நுழைய இடுக்கே இல்லை.

இன்னொன்று, டிசால்வ். ஒரு சீன் கரைந்து இன்னொன்று வருகிறதே, அதை அந்தக் காலத்தில் லேபிலேயே பிலிமில் பதித்துவிட்டார்கள். முந்தைய சீனை எடுத்துவிட்டாலும் அடுத்த சீனின் தலையில் அதன் நிழல் இருக்கும். அந்த நிழல் போகிறவரைக்கும் காத்திருந்து வெட்டினால் முதல் வார்த்தை போய்விடுகிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையிலேயே தர்ப்பணக் கூட்டம், பெரியப்பாவை வண்டியில் கூட்டிப் போய் வந்தேன். வேலை நடக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சர்க்கஸ். பையன் தூங்கிய இடம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் முதலில் போகவேண்டும், இளவரசன் கதைக்கு நடுவில் பார் விளையாட்டு எதற்கு? நானும் மொத்தமாகத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். படம் நின்றுவிட்டது.

ஏனென்றால் வில்லன் சசாங்கனின் ஆட்கள் கதாநாயகன் வீரசிம்மனைக் குகைக்குள் தள்ளிப் பாறையால் வாயை அடைத்துவிடுகிறார்கள், அந்தப் பாறையை நகர்த்துவதே சர்க்கஸ் யானைகள்தான். யானையை எடுத்தால் கதாநாயகன் குகையிலேயே இருக்கவேண்டியதுதான். சரி, யானையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கலாம் என்றால், கடைசியில் குறத்தி வேஷத்தில் அரண்மனைக்குள் வந்து சந்திரலேகாவுக்கு வைத்தியம் பார்ப்பதாக நடிக்கிற பெண் யார்? சர்க்கஸில் கிடைத்த தோழி. அந்தத் தோழியாக வருகிற சுந்தரிபாய் அங்கே சிரித்துப் பேசிப் பழகியிருந்தால்தான் இங்கே அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிற ரகசியப் பேச்சுக்கு உயிர்.

எடுக்க முடிந்தது நகைச்சுவை ஜோடி என்.எஸ்.கிருஷ்ணன், மதுரம் வருகிற பகுதிகளில்தான். கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்து 1947இல் விடுதலையானதும் வாசன் அவரை இந்தப் படத்துக்குள் கொண்டுவந்தார், முதல் கதையில் இல்லாத காட்சிகள் அவர்களுக்காகச் சேர்க்கப்பட்டவை. பிற்பாடு சேர்த்தது என்பதால் கழற்றவும் சுலபமாக இருக்கிறது. தையல் எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது.

ஆனால் மனசு கேட்கவில்லை. சிறையிலிருந்து வந்த மனிதரைத் தமிழ்நாடு மறுபடி திரையில் பார்த்த நாட்களின் காட்சி அது. கதைக்கு வேண்டாதது என்பது உண்மை, 1948இல் டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கும். ராத்திரி பதினொரு மணி வரை போராடி, ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியை எடுத்தேன். இப்படி அரைகுறையாக வைப்பதற்கு முழுசாக எடுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று கலந்த சாதம். சாப்பிட்ட கையோடு பெரியப்பா மாடிக்கு வந்துவிட்டார்.

பாட்டுகளை அவர் எதிரில் வைத்துத்தான் வெட்டினேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார், எங்கே வெட்டினாலும் அந்தக் கை காட்டிக்கொடுத்துவிடும். பாட்டைச் சுருக்க நான் வைத்துக்கொண்ட வழி இது: பல்லவி திரும்ப வருகிற இடத்தில், ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, அப்படியே எடுப்பது. பாதி ஆவர்த்தனத்தில் கை வைத்தால் தீர்ந்தது. முழுசாக எடுத்தால் தாளம் தப்பாது, உதட்டசைவும் அதே வரிக்கு வந்து நிற்கும். ஆனால் தாளம் சரியாக இருந்தும் சில இடத்தில் அவர் முகம் சுளித்தார், முதல் தடவை பாடியபோது இல்லாத ஒரு சங்கதி, அதே வரியில் ஒரு புது வளைவு, இரண்டாவது தடவையில் இருக்குமாம். "அதுக்குத்தான்டா ரெண்டாவது வாட்டி பாடறாங்க."

அந்த இடங்களைத் திரும்ப வைத்துவிட்டேன். மேற்கத்திய சாயலில் போட்ட பாட்டுகளில் அவருக்கு ஆட்சேபமே இல்லை, "அதை எடு, அதை எடு" என்று தாராளமாகக் கை காட்டினார். எனக்கு அவைதான் பிடிக்கும். இசையமைப்பாளர் எஸ்.ராஜேஸ்வரராவ் கர்நாடகத்தையும் இந்துஸ்தானியையும் வால்ட்ஸையும் ஒரே படத்தில் அடுக்கியிருக்கிறார், அந்தத் தைரியம் இன்றைக்கும் பாதிப் பேருக்கு வராது. ஒன்றைப் பெரியப்பாவுக்காக எடுத்தேன், ஒன்றை எனக்காக வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடைசிக் கத்திச்சண்டை. கதாநாயகன் எம்.கே.ராதாவும் ரஞ்சனும், படிக்கட்டு, மாடம், கூடம் என்று அரண்மனையையே அளந்துவிடுகிறார்கள். வசனம் இல்லை, ஆகவே வெட்டுவது எளிது என்று நினைப்போம். திசை இருக்கிறதே! ஒரு ஷாட்டில் ரஞ்சன் இடது பக்கம், நடுவில் கொஞ்சம் எடுத்தால் அடுத்த ஷாட்டில் வலது பக்கம் நிற்கிறார், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே புரியாது.

ஆரம்பத்தில் ஒரு விதி வைத்திருந்தேன்: எடுக்கலாம், இடம் மாற்றக்கூடாது. இந்தச் சண்டையில் அந்த விதி நிற்கவில்லை. திசை மாறுகிற இடத்தை மறைக்க நடுவில் வேறொரு முகம் வேண்டும், கல்யாண வீடியோவில் நாங்கள் தினமும் செய்வதுதான், தாலி கட்டும்போது கேமரா ஆடிவிட்டால் கண்ணைத் துடைக்கிற ஒரு அத்தையைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவோம், அந்த அத்தை நிஜத்தில் அடுப்புப் புகைக்குக் கண்ணைத் துடைத்திருப்பார். இங்கே ராஜகுமாரி பதைத்துப் பார்க்கிற ஒரு ஷாட்டை வேறு சீனிலிருந்து எடுத்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எடிட்டர் என்கிற முறையில் சந்தோஷம். ஆனால் அந்த நடிகை இந்தச் சண்டையைப் பார்த்து அந்த முகத்தைக் கொடுக்கவில்லை, அவர் நடிக்காத ஒரு நடிப்பை நான் உண்டாக்கிவிட்டேன். அந்த ஒரு ஷாட்டோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற இடங்களில் சண்டை நீளமாகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படத்தைத் துலக்குகிறேன் பேர்வழி என்று ஏஐ போட்டுக் கீறல்களை எடுத்தேன். கீறல் போயிற்று, கூடவே முகத்தின் சதையும் போயிற்று, எல்லாரும் மெழுகு பொம்மை. முரசு நடனத்தில் பின்வரிசை முரசுகளின் மேல் ஆடுகிறவர்கள் வெறும் திட்டுகளாகிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆடிய நடனம், மென்பொருளுக்கு அவர்கள் இரைச்சல். கீறலோடு இருக்கட்டும் என்று பழைய பிரதியையே வைத்தேன். கலர் போட்டுத் தரச் சொன்ன பையனிடம் பதில்கூடச் சொல்லவில்லை.

முரசு நடனத்தில் ஒரு பிரேம்கூடத் தொடவில்லை. முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வருகிறார்கள் பாருங்கள், அதற்கு முன்னால் இருக்கிற நீளம் முழுவதும் அந்த ஒரு கணத்துக்கான காத்திருப்பு.

ஆகஸ்ட் 14, வியாழன்

போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தது இரண்டேகாலைத் தாண்டித்தான் நின்றது. பையன் தூங்கவில்லை, நடுவில் போனை மட்டும் எடுத்தான். பெரியப்பா மூன்று இடங்களில் "இங்க ஒண்ணு இருந்துதே" என்றார், அதில் ஒன்று எந்தப் பிரதியிலும் நான் பார்த்திராத சீன். டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர், ஒவ்வொரு தடவை ரீல் மாற்றும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள், அந்த இடைவெளியில் அவர் சொந்தமாக ஒரு சீன் எடுத்துவைத்திருக்கிறார் போல.

வாசனே இதை ஒரே படமாக வைத்திருக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். அதே 1948 டிசம்பரில் இந்திக்கு என்று மாற்றி அமைத்தார், வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் சந்திரா என்று சுருக்கி அனுப்பினார்கள். "அவர் முதலாளி, வெட்டுவார். நீ யாருடா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நிச்சயதார்த்தம், அட்வான்ஸும் வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும். பையன் இன்னும் நீளம், ஒன்றரை மணி நேரம்தான் சரி என்கிறான். நீயே வெட்டிக்கொள் என்று மொத்த ப்ராஜெக்டையும் அவன் டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன். சாயந்திரம் போன்.

"மாமா, குகை சீன் ஆரம்பத்துல பழைய சீன் நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, அதை எப்படி எடுக்கறது?"

எடுக்க முடியாது என்றேன்.

"அப்ப முந்தின சீனையும் வெச்சுதான் ஆகணுமா?"

இன்னும் நாலு நிமிடம் பின்னால் போய்ப் பார், அங்கே இசை ஒரு இடத்தில் நிற்கும் என்று சொல்லிவிட்டு, நிச்சயதார்த்த வீட்டுக்காரர் கேட்ட பாட்டு லிஸ்ட்டை எடுத்தேன்.