நோ சிக்னல்: ஒரு சர்வீஸ்காரனின் நாட்குறிப்பு

நவம்பர் 11, திங்கள்

கடை திறக்கும் முன்பே போன். டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா. "தம்பி, மானிட்டர் போயிட்டுன்னு நினைக்கேன். நோ சிக்னல்னு காட்டிட்டு அணைஞ்சிருது. பக்கத்துல உள்ளவங்க புதுசு வாங்கச் சொல்லுதாங்க. வாங்கிரட்டா?"

வாங்காதீங்கக்கா என்றேன். தூத்துக்குடியில் இந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்து நல்ல மானிட்டரை ஓரங்கட்டியவர்கள் நிறையப் பேர். அந்த எழுத்து திரையில் தெரிகிறது என்றாலே மானிட்டரின் பவர், பேனல், பேக்லைட் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். படம் வந்து சேரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அதிகபட்சம், கேபிள் செருகும் அந்த ஒரு போர்ட் பழுதாகியிருக்கலாம், அது அபூர்வம்.

போனிலேயே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்தினால் விளக்கு அணைந்து எரிகிறதா? எரிந்தால் சிபியு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்கு வரும் பாதையில்தான் கோளாறு. அக்கா அழுத்திப் பார்த்துவிட்டு, "அசையவே இல்ல தம்பி, ஃபேன் மட்டும் சுத்துது" என்றார். அப்படியென்றால் கம்ப்யூட்டர் விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லை. கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகள் அந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, பாவம். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தைரியம் சொன்னேன்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலேயே போய்விட்டேன். முதலில் அக்காவின் மானிட்டரில் என் லேப்டாப்பைச் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. அதே கேபிள்தான். ஆக மானிட்டரும் கேபிளும் ஒரே அடியில் விடுதலை. அதைப் பார்த்ததும் அக்கா முகத்தில் பாதிக் கவலை போய்விட்டது.

பவர் கேபிளை உருவி, ஆன் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்த பிறகு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே டிடிஆர்3 வகை ரேம் (தற்காலிக நினைவக அட்டை) இரண்டு. இப்போது வரும் கேபினெட்டுகள் பலவற்றில், கோளாறைச் சத்தம் போட்டுச் சொல்லும் பீப் ஸ்பீக்கர் வைப்பதில்லை. அது பெரிய குறை. பத்து இருபது ரூபாய்ச் சாமான் இல்லாததால் பெட்டி ஊமையாகிவிடுகிறது. என் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். மதர்போர்டில் (எல்லாப் பாகமும் செருகியிருக்கும் பெரிய பலகை) அதற்குரிய பின்னில் மாட்டி, இரண்டு ரேமையும் உருவிவிட்டு ஆன் செய்தேன். விட்டு விட்டுப் பீப் கத்தியது. இந்தச் சத்தம் நல்ல சேதி. ரேம் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன.

ரேமைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழ் விளிம்பில் தங்க நிறப் பட்டைகள், இருபுறமும் சேர்த்து 240. ஒரு ரேமில் மூலையை ஒட்டிய சில பட்டைகள் மினுமினுப்பு இழந்து, தேநீர்க் கறை படிந்தாற்போல் மங்கியிருந்தன. உப்புக்காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் இந்த ஊரில் இது சகஜம். பலரும் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர்த் தூள் ரேம் செருகும் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தொல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்துக் காயவிட்டேன்.

ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டு ஆன் செய்தேன். குட்டியாக ஒரு பீப், திரையில் போர்டின் லோகோ. அக்கா கைகூப்பிவிட்டார். மற்றொன்றைப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் மறுபடி கத்தல். முதல் ரேமை எடுத்துவிட்டு அதன் இடத்தில் போட்டதும் இதுவும் ஓடியது! ஆக இரண்டு ரேமும் நல்லவை, ஸ்லாட் ஒன்றுதான் கெட்டது. இப்போதைக்கு 4 ஜிபியில் ஓடட்டும். பத்திரிகை வடிவமைக்கும் கோரல்டிரா திணறும், ஆனால் பத்திரிகை முடியும்.

நவம்பர் 14, வியாழன்

காலேஜ் படிக்கும் பையன் ஒருவன், அப்பா வாங்கிக் கொடுத்த பழைய அசெம்பிள்டு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். இங்கேயும் அதே நோ சிக்னல். ஆனால் நம் லாக் எரிகிறது. சிபியு ஓடுகிறது. ரேமைத் தொடவே வேண்டியதில்லை.

பிராசஸர் பெயரைக் கேட்டேன். ஐ3-10100எஃப். அந்தக் கடைசி எழுத்தில்தான் விஷயம். இன்டெலில் எஃப் என்று முடியும் பிராசஸர்களில் உள்ளே திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதில் எதைச் செருகினாலும் படம் வராது. கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும். விற்றவர் கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்திருக்கிறார். பையனிடம் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. படிக்கிற பிள்ளையின் காசு. என்னிடம் கிடந்த சிறிய பழைய கார்டைப் போட்டு, கேபிளைக் கார்டில் செருகிக் காட்டினேன். படம் வந்தது. "போர்டுல செருகாத தம்பி, எப்பவும் கார்டுலதான்" என்று அழுத்திச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 16, சனி

போனில் ஒருவர், அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று வருகிறதாம். இது நோ சிக்னல் அல்ல. சிக்னல் வருகிறது, மானிட்டருக்குத் தாங்காத அளவில் வருகிறது. சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் ஓடும் நிலை) போய் ரெசல்யூஷனைக் குறைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

அக்கா கடைக்கு 8 ஜிபி ரேம் ஒன்று கிடைத்தது. நல்ல ஸ்லாட்டில் போட்டேன். பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் நிரல்) தேதி பின்தங்கி நின்றது. தேதியைக் காத்து வைக்கும் சிமாஸ் பேட்டரியை வோல்ட் மீட்டரில் பார்த்தால் 2.4. புதிதில் 3 வோல்ட் காட்ட வேண்டியது. சிஆர்2032 புதிதாகப் போட்டு, தேதி திருத்தினேன். கெட்ட ஸ்லாட்டில் பட்டையாக செலோ டேப் ஒட்டி, மார்க்கரில் 'இதில் போட வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். நாளைக்கு வேறு யார் திறந்தாலும் தெரிய வேண்டுமே. மானிட்டர் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் அக்கா ஒரு யுபிஎஸ் வாங்கப் போகிறாராம். 600 விஏ போதும் என்றேன்.